ஆரம்பாக்கத்துக்குப் போன கரண்ட் அடுப்பு

1

போன சனிக்கிழமை காலை ஓர் ஆள் வந்து கதவைத் தட்டினான். கழுத்தில் டை, கையில் பளபளவென்று ஒரு படப்புத்தகம். மின்சார அடுப்பு விற்கிறவன். நான் டியூட்டி முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அவனை உள்ளே கூப்பிட்டு, முழுதும் பேச விட்டேன். பாத்திரம் வைக்க நான்கு வட்டம், இரண்டு ஓவன், மேலே ரொட்டி வாட்ட ஒரு தட்டு. புகை கிடையாது, சாம்பல் கிடையாது, உலகத்திலேயே சுத்தமான நெருப்பு என்றான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அப்படியானால் புகை எங்கே போகிறது என்று கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, உரக்க, “புகையே… கிடையாது… மேடம்” என்றான். இந்த நாட்டில் நமக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்தால் குரலை உயர்த்துவார்கள். நம் கேள்வி தங்களுக்குப் புரியவில்லையோ என்கிற சந்தேகம் மட்டும் அவர்களுக்கு வரவே வராது.

அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம். ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும், அங்கே என்னென்ன வசதி இருக்கிறது, எழுது எழுது என்கிறார்கள். ஒரே ஒரு வசதியைப் பற்றி எழுதுகிறேன். அதை நாங்கள் கப்பலில் ஏற்றி ஆரம்பாக்கம் வரைக்கும் அனுப்பிவைத்தோம்.

2

நான் நர்ஸ். அறுபத்தைந்தில் வடக்கு இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி ஊரின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் கணவர் சாமுவேல் மீஞ்சூர்க்காரர், இங்கே பஸ் கம்பெனி ஒன்றில் கிளார்க். எழுபதில் அவர் தவணையில் ஒரு மின்சார அடுப்பு வாங்கினார். ‘ரேஞ்ச்’ என்பார்கள். எங்கள் ஆரம்பாக்கம் வீட்டு வாசற்படியை விட அகலம். வந்த அன்றே கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பக்கத்தில் அப்படி நின்று எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுதான் இருக்கிறது.

அதன் லட்சணத்தைச் சொல்கிறேன். பால் வைத்துத் திருகினால் முதலில் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்கவில்லையே என்று முகத்தைத் திருப்பினால் பொங்கி வழியும். பதறி அணைத்தால், அணைத்த பிறகும் கால் மணி நேரம் யாருக்காகவோ காய்ந்துகொண்டிருக்கும். அடி உருண்ட வாணலி அதன் மேல் நிற்காது, ஆடும். ஓவனுக்குள் ஒரு முழு ஆட்டை மடக்கி வைக்கலாம். நான்கு வருடத்தில் இரண்டு கிறிஸ்துமஸ் கேக் சுட்டோம், அவ்வளவுதான்.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர். காசு போட்டால் கரண்டு வரும், காசு தீர்ந்தால் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கறி வேகிறபோது இரண்டு முறை எழுந்து போய்க் காசு போட வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கறி வாங்கிய காசை விட அதை வேகவைத்த காசு அதிகம். சாமுவேலிடம் சொன்னேன். படுக்கை அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். சரியாகித்தான் போனது. எங்கள் மகள் ரூபி ஸ்வெட்டரும் குல்லாயுமாகத் தூங்கினாள், அடுப்பு சொகுசாக இருந்தது.

எனக்கு நெஞ்சு நோய் வார்டு. கட்டிலில் கிடந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். அவர்களில் ஹாரி என்று ஒரு கிழவர், இருமினால் கைக்குட்டை கறுப்பாகும். வீட்டில் எதில் சமைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். மின்சார அடுப்பு, புகையே இல்லை என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

மூச்சு திரும்பியதும், “உன் அடுப்புக்கு நான்தான் சிஸ்டர் கரி வெட்டிப் போட்டேன்” என்றார்.

ஜன்னலைக் காட்டினார். தூரத்தில் மின்நிலையத்தின் பெரிய கோபுரங்கள் ஆவி கக்கிக்கொண்டிருந்தன. எரிக்கிற கரியின் சூட்டில் பெரும்பங்கு அப்படி மேகத்துக்குப் போகிறது, மிச்சம்தான் கம்பியில் ஏறி உன் வட்டத்துக்கு வருகிறது என்று விளக்கினார். கோபுரங்களை நான் ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பக்கத்துத் தெருக்களில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமாவதும் தெரியும். ஆனால் அதற்கும் என் சமையலறைக்கும் சம்பந்தம் உண்டு என்று தோன்றியதே இல்லை. நானும் படித்தவள்தான்.

எழுபத்திரண்டு பிப்ரவரியில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மின்நிலையங்களில் கரி குறைந்து, முறை வைத்துக் கரண்டை நிறுத்தினார்கள். பாதி வெந்த சோற்றுப் பானையோடு நான் அந்த மகா அடுப்பின் முன்னால் நின்றேன். சாமுவேல் அடுப்பை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுரங்கத் தொழிலாளிகளைத் திட்டினார், கொழுப்பு என்றார். அன்று பகல் முழுக்க நான் ஹாரியின் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்திருந்தேன். ரொட்டியை எடுத்து வைத்தேன். ஹாரி அந்த ஏப்ரலில் இறந்துபோனார்.

3

என் அண்ணன் தேவராஜ் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி போய் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை செய்கிறார். எங்கள் தெருவில் வயல் கூலியை விட்டு வேறு வேலைக்குப் போன முதல் ஆள். அண்ணி சரோஜாவுக்கு எழுதத் தெரியாது, அவளுக்கும் சேர்த்து அண்ணன்தான் எழுதுவார். எழுபத்து மூன்றில் ஒரு கடிதத்தில், சரோஜாவுக்கு இருமல் நிற்கவில்லை, பொன்னேரி டாக்டர் அடுப்புப் புகை என்கிறார் என்று ஒரு வரி இருந்தது. அவள் எரிப்பது சவுக்கு மிளாறும் வறட்டியும். மழைக்காலத்தில் மிளாறு ஈரம், வீடு முழுக்கப் புகை.

அடுத்த வருடம் நாங்கள் வேறு வீடு மாறினோம். அங்கே கேஸ் அடுப்பு இருந்தது. ரேஞ்சை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது சாமுவேல், ஊருக்கு அனுப்பிவிடலாம், சரோஜாவுக்குப் புகை இல்லாமல் போகும் என்றார். அது கரண்டை எப்படித் தின்னும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு வரும் கம்பி எவ்வளவு மெல்லியது, வீட்டுக்கு ஒரு பல்பு என்று தெரியும். தெரிந்தும் கப்பல் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். வார்டில் தினம் கேட்கிற இருமலை அண்ணியின் நெஞ்சில் வைத்து நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதோடு, சீமையிலிருந்து ஏதாவது பெரிதாக அனுப்பவேண்டும் என்கிற ஆசை எனக்கும் இருந்தது. அண்ணிக்கு என்ன வேண்டும் என்று எங்களில் யாருமே கேட்கவில்லை.

துறைமுகத்தில் நடந்ததை அண்ணன் நான்கு பக்கம் எழுதியிருந்தார். காகிதத்தில் ‘எலக்ட்ரிக் ரேஞ்ச் ஒன்று’ என்றிருக்கிறது. ஒரு குமாஸ்தாவுக்கு ரேஞ்ச் என்றால் துப்பாக்கி சுடும் இடம். போலீஸ் அனுமதி இருக்கிறதா என்றார். இன்னொருவருக்கு ரேஞ்ச் என்றதும் காட்டு அதிகாரி ரேஞ்சர் ஞாபகம். அடுப்பு சார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அடுப்புக்கு ஏன் இத்தனை உயரம், பேக்கரி வைக்கப் போகிறாயா என்று கேட்டு, பேக்கரி இயந்திரம் என்று எழுதி அதற்கான வரியைப் போட்டார்கள். மூன்று நாள் சம்பளம் போய், வாசற்கால் பெயர்த்து, அது வீட்டுக்குள் வந்தது.

அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் சுருக்கம். அடுப்பு ஜோராக எரிகிறது, சரோஜா மகாராணி மாதிரி இருக்கிறாள். சாமுவேல் அந்த வரிகளை இங்குள்ள சபைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

4

எழுபத்தாறு ஜனவரியில் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். பத்து வருடம் கழித்து நான் போகிறேன். ரூபிக்கு ஒன்பது வயது, முதல் தடவை. வீட்டை நெருங்கும்போது ரூபி என் கையைப் பிடித்து இழுத்து, “மம்மி, அந்த வீடு தீப்பிடிச்சிருக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது எங்கள் வீடுதான். கூரை ஓட்டு இடுக்குகளிலெல்லாம் புகை வழிந்துகொண்டிருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ரேஞ்ச் முன் அறையில், ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்புக்குள் நின்றது. சாமுவேல் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். எனாமல் புதிது மாதிரி மின்னியது. பின்பக்கம் மட்டும் கறுப்பாக ஒரு கருகல். இன்னிக்கி வோல்டேஜ் கம்மி என்றார் அண்ணன். அண்ணி விரிப்பை இழுத்து மூடினாள். நான் வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அஞ்சலையின் கூரை கண்ணில் பட்டது. ஒரு பாதி பழைய ஓலை, மறுபாதி வேறு நிறத்தில் புது ஓலை. வாசலில் நின்ற அஞ்சலை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அண்ணன் ஷிப்டுக்கும் சாமுவேல் மீஞ்சூருக்கும் போன பிறகு அண்ணி சொன்னாள்.

அடுப்பு வந்ததும் அண்ணன் கும்மிடிப்பூண்டி கரண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த இன்ஜினியர் மரியாதையாகவே பேசினாராம். இந்த ஒரு சாமான் மூன்று பம்புசெட்டு இழுக்கிற கரண்டை இழுக்கும், உங்கள் டிரான்ஸ்பார்மர் தாங்காது, வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்றாராம். அண்ணன் காதில் விழுந்தது வேறு. ஊர் முழுக்க விளக்கு வந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. இந்தத் தெருவுக்கு ஒரு பல்பு போதும் என்று சொல்லிவிட்டான் என அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்ஜினியர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருக்காரர்களுக்கு அது கேட்பதற்கு ஒருவர் வாய்திறந்து சொல்லவேண்டும் என்பதில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அண்ணன் ஒரு முடிவோடு இருந்திருக்கிறார்.

“கேக்கு சுடலாம்னு சொல்லி, கம்பத்துலேர்ந்து நேரா ஒயரு இழுத்துட்டாரு உங்க அண்ணன்” என்றாள் அண்ணி. “நாலு வட்டத்தையும் போட்டாரு, ஓவனையும் போட்டாரு. தெரு பல்பெல்லாம் தணல் மாதிரி செவந்து போச்சு. ஒயரு அஞ்சலை ஊட்டு கூரை மேலதான் போவுது. அது எரிஞ்சிக்கினே வந்துச்சு எஸ்தரு. உள்ள அவ கைக்கொழந்த தூங்கிக்கினு இருந்துச்சி.”

குழந்தையை அஞ்சலை தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். அவள் முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் போனது. பாதிக் கூரை போனது. கம்பத்தில் பியூஸ் வெடித்துத் தெரு முழுக்க இருட்டு. கோயிலில் மெழுகுவர்த்தி வைத்துத்தான் ஆராதனை நடந்தது. அண்ணன் அபராதம் கட்டினார், அஞ்சலை வீட்டுக்கு ஓலை போட்டுக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து அஞ்சலை இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“இன்னான்னு எழுதச் சொல்றது? நீங்க அனுப்புனது ஊட்டக் கொளுத்திச்சின்னா?” என்றாள். சிறிது நேரம் அடுப்பை ஊதினாள், இருமினாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அந்த இருமலின் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

“நான் கேட்டனா எஸ்தரு? பொன்னேரி ஆஸ்பத்திரில ஒரு நர்சம்மா சொல்லிச்சி, அடுப்புக்குப் பின்னால ஒரு குழா வெச்சி கூரைக்கு மேல விட்டா புகை போய்டும்னு. உங்க அண்ணங்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு. சீமைலேர்ந்து கரண்டு அடுப்பு வரும்போது குழா எதுக்குன்னாரு.”

நானும் நர்ஸ்தான். பன்னிரண்டு பக்கம் பன்னிரண்டு பக்கமாக ஊருக்குக் கடிதம் எழுதியவள். ஒரு குழாய் வையுங்கள் என்று ஒரு வரி எழுத எனக்கு வரவில்லை.

5

சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது பேச்சை எடுத்தேன். விஷயம் தெரிந்ததும் சாமுவேல் அஞ்சலையின் கையைப் பற்றிக் கேட்கவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதினால் பெரிய டிரான்ஸ்பார்மர் வைப்பார்கள், ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன் என்றார். இந்த அடுப்பை விற்றுவிடலாம் என்றேன் நான்.

அண்ணன் எழுந்து போய் ரேஞ்சின் மேலிருந்த விரிப்பைச் சரிசெய்தார். பிறகு, “இந்தத் தெருவுல ஒருத்தன் ஊட்லயாவது இருக்கட்டும்னு பார்த்தேன் பாப்பா” என்றார். “எரியலன்னாலும் பரவால்ல. நிக்கட்டும்.”

அந்த அடுப்பு சம்பந்தப்பட்ட எல்லாரையும் எனக்கு ஏளனம் செய்யத் தெரியும், என்னையும் சேர்த்து. அண்ணன் சொன்ன இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அண்ணியிடம் இருந்தது.

“நிக்கட்டும். நானும் இருமிக்கினு ஒரு பக்கம் நிக்கிறேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. சோறு போட எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை அண்ணனே விரிப்பை மடித்து வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு பேக்கரிக்காரரைக் கூட்டிவந்தார். அவர் ஓவன் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார், எத்தனை யூனிட் ஆகும் என்று கேட்டார், சாமுவேல் சொன்னதைக் கேட்டு விரலை மடக்கி மனக்கணக்குப் போட்டார். இதுக்கு கரண்டு கட்டி நான் பன்னு வித்தா, பன்னை நான்தான் துன்னணும் என்றார். அவர் கடையில் இன்றைக்கும் விறகு ஓவன்தான். தட்டுகளையும் கம்பி வலைகளையும் கதவுகளையும் தனியாக விலை பேசிக்கொண்டார், மீதியை இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். நான்கு வருடத் தவணை, கப்பல் கூலி, பேக்கரி வரி, மூன்று நாள் சம்பளம், ஒரு கூரை, ஒரு முழங்கை எல்லாம் போய்க் கடைசியில் தேறிய காசு ஒரு சிமெண்டுக் குழாய்க்கும் ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் கூலிக்கும் சரியாக இருந்தது. சாமுவேல் அந்த இரண்டு நாளும் மீஞ்சூரிலேயே தங்கிவிட்டார்.

6

கொத்தனார் மண்ணிலும் செங்கல்லிலும் அடுப்புப் போட்டு, பின்னால் துளை விட்டுக் குழாயைச் சொருகிச் சுவர் வழியே வெளியே எடுத்து மேலே நிறுத்தினார். காய்ந்த அன்று காலை அண்ணி பற்றவைத்தாள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் புகை துளைக்குள் தானாகப் போக ஆரம்பித்தது. அண்ணி உலை வைத்துவிட்டு, ஊதுகுழலை எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து சமையலறைப் பக்கமே எட்டிப்பார்க்காத ரூபி மெல்ல வந்து, தன் தமிழ் அத்தைக்குப் புரியுமோ புரியாதோ என்ற பயத்தோடு, “அத்தே, கண்ணு எரியல” என்றாள். இங்கே திரும்பி வந்த பிறகு அவள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அதை எழுதி வைக்கிறேன்.

அரை மணி நேரம் இருக்கும். வாசலில் அஞ்சலை நின்றாள். குழந்தை இடுப்பில். முழங்கையில் தழும்பு பளபளத்தது. ஒரு வருடத்துக்கு மேலாக வராதவள் புது அடுப்பைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, வா அஞ்சலை என்று நான் பல்லைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா, உங்க ஊட்டு புகை என் தூளி மேல வந்து உக்காருது” என்றாள் அண்ணியிடம்.

நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன். காற்று திரும்பினால் சரியாகிவிடும் என்றோ என்னவோ சொல்லியிருப்பேன். அதற்குள் அண்ணி எழுந்து, எரிகிற கட்டைகளை வெளியே இழுத்து, சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டாள். உலையில் அரிசி போட்டிருந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளனுப்பிக் கொத்தனாரை வரவழைத்தாள். இன்னும் ஒரு துண்டுக் குழாய் வாங்கிவரச் சொன்னாள். பகல் முழுக்க வேலை நடந்தது. குழாய் நாலு அடி உயர்ந்தது, வாய் வீடுகள் இல்லாத ஏரிப் பக்கம் திரும்பியது. அன்று மதியம் எல்லாருக்கும் பழைய சோறுதான்.

நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நான்கு வருடம் அந்த ரேஞ்சைக் காய வைத்தோம். அதன் புகை யார் துணியில், யார் நெஞ்சில் போய் உட்கார்ந்தது என்று ஒருவரும் வாசலில் வந்து நின்று சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்கள் என் வார்டில் கட்டிலில் கிடந்தார்கள். எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்து வந்திருந்தாலும், சாமுவேல் கதவைத் திறந்திருப்பாரா, நான் உலையை இறக்கியிருப்பேனா, சொல்ல முடியவில்லை.

குழாய் பூசி முடிந்ததும் அண்ணி ஒரு காரியம் செய்தாள். தீப்பெட்டியை அஞ்சலை கையில் கொடுத்து, நீயே பத்த வை என்றாள். அஞ்சலை கொஞ்சம் தயங்கிக் குழந்தையை என் மடியில் இறக்கிவிட்டு அடுப்பின் முன்னால் குந்தினாள். அண்ணி அஞ்சலை வீட்டுக்குப் போனாள். தூளிக்குப் பக்கத்தில், தரையில், காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள் என்று ரூபி ஓடி ஓடி வந்து எனக்குச் சொன்னாள்.

அஞ்சலை மிளாறைப் பற்றவைத்தாள். தீ பிடித்தது. மேலும் இரண்டு கட்டை வைத்தாள்.

“அக்கா, வருதா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

பதில் வரவில்லை. அண்ணி அவசரப்படவில்லை. நன்றாக எரியட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. அஞ்சலை இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. “இல்ல. அரிசியப் போடு. உனக்கும் சேத்து.”